பதினொரு மணி வரைக்கும் காய்ச்சல்

ஸ்பானிஷ் டீச்சர் என்று சொன்னால் ஏற்காட்டில் யாரும் சட்டென்று நம்புவதில்லை. பஜாரில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் முதல் வாரமே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், அதப் படிச்சாப் புள்ளைங்களுக்கு என்ன வேலைங்க கெடைக்கும்?"

"ஸ்பானிஷ் டீச்சர் வேலை கெடைக்குமுங்க," என்றேன்.

அவர் நிறுத்துப் போட்ட தக்காளிக்கு மேல் இன்னொன்றை எடுத்துப் பையில் போட்டார். பரிதாபப்பட்டுத்தான் போட்டிருப்பார்.

எனக்கு அந்த மொழி வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் பிறந்தவள். சேலத்தில் பி.ஏ. முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். மெக்சிகோக்காரர்கள் ஹோட்டல் ரூம் போட்டுவிட்டு, ரூம் சரியில்லை என்று போனில் கத்துவார்கள். அந்தக் கத்தலை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே, அதற்காக எங்கள் பன்னிரண்டு பேருக்கு ஆறு மாதம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் திட்டு வாங்கினேன். என்னால் அந்த மொழியில் நாற்பது விதமாக மன்னிப்புக் கேட்க முடியும். ஒருமுறை ஒரு வயதான அம்மா, மகள் கல்யாணத்துக்குப் போட்ட ரூமை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே முக்கால் மணி நேரம் பேசினாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவள் அழுதாள், நான் கேட்டேன். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மூட்டு போய், எஸ்டேட்டில் வேலையை விட்டு நிறுத்தியதும் லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்தவளுக்கு மலையில் கால் நீட்டிப் படுக்க ஒரு இடம் இல்லை. அந்த நேரத்தில்தான் இங்கே ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் டீச்சர் வேண்டும் என்றார்கள். ஸ்பானிஷ் உண்டு என்று கலர் புத்தகத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஆளைத் தேடியிருக்கிறார்கள். வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால், தகரம் போட்ட ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அம்மா உள்ளே நுழைந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நம்ம ஊடா கண்ணு?"

"வேலை இருக்கற வரைக்கும் நம்ம ஊடுதாம்மா."

வேலை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. எட்டு வருஷமாகப் புதுப்பித்தார்கள். எட்டு வருஷமும் ஏப்ரல் மாதம் வந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

இந்த எட்டு வருஷத்தில் நான் போன டிரெய்னிங்குகளைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் கற்றுக்கொண்டே இருக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? சேலத்தில் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் நடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியில் ஒருவர் மாற்றி ஒருவர் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்ச் சேருவோம். அங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் காத்திருப்பார். சென்னைக்காரர். அயல்மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதில் மாநிலத்திலேயே பெரிய ஆள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. பிரெஞ்சும் தெரியாது. முதல் நாளே நான் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சார், நீங்க ஸ்பெயின் போயிருக்கீங்களா?"

"மாட்ரிட் ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் இருந்திருக்கேன் மேடம். அந்த வைபே வேற."

அந்த நாலு மணி நேரத்தை வைத்துத்தான் மனுஷன் எட்டு வருஷமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

முதலில் பலூன் ஊதச் சொல்வார். நமக்குள் இருக்கும் பயத்தை அதற்குள் ஊத வேண்டும். பிறகு ஊசியால் குத்த வேண்டும். ஐம்பது வயது சயின்ஸ் டீச்சர் ஒருவர், பட்டுப் புடவையில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பலூனைக் குத்தியதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கலர் கலராக ஒட்டுக் காகிதம் கொடுப்பார். மனதில் உள்ள கேள்வியை எழுதி, 'பார்க்கிங்' என்று போட்ட ஒரு சார்ட்டில் ஒட்ட வேண்டும், நேரம் இருந்தால் பதில் உண்டு. நான் எழுதினேன்: வகுப்பு முடிந்தால் இந்த மொழியைப் பேச ஒரு ஆள் கிடையாத மலையில், பிள்ளைக்கு இது நாலாவது மொழியாக இருக்கும்போது, எப்படி இதை வாயில் வர வைப்பது? அவர் வாங்கிப் படித்தார், நெஞ்சில் கை வைத்தார், "வாவ்" என்றார். பயபக்தியோடு சார்ட்டில் ஒட்டினார். சாயங்காலம் ஹோட்டல்காரர்கள் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். அடுத்த வருஷமும் "வாவ்" என்றார்.

முடியும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். இன்று நான் பெற்ற மூன்று இன்சைட்டுகள். நான் எட்டு வருஷமும் ஒரே மூன்றைத்தான் எழுதினேன். ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. தவறு செய்வது கற்றலின் ஒரு பகுதி. ஆசிரியரும் ஒரு மாணவரே. ஒரு வருஷம் மட்டும் எரிச்சல் தாங்காமல் மூன்றாவது இடத்தில், கோபி மஞ்சூரியன் ஆறிப்போயிருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் சர்ட்டிஃபிகேட் வந்தது, தங்க நிற ஓரம் போட்டு.

திரும்பி வந்தால் அம்மா கதவிலேயே நிற்பாள். தினம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோடு பழகுகிற மகள் புதிதாக என்ன கற்றுக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நிஜமாகவே ஆசை.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க கண்ணு?"

"பலூன் ஊதச் சொன்னாங்கம்மா."

"வாத்தியாருங்களையா? ஊதி?"

"ஒடச்சோம்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கா சாமி இருவது வளைவு எறங்கிப் போன?"

சென்ற வருஷம் பள்ளிக்கூடம் கை மாறியது. புது நிர்வாகம் வந்த கையோடு எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுத்தது. இனிமேல் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலையே கிடையாது. ஒன்று பெர்மனென்ட், இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். பெர்மனென்ட் ஆக வேண்டுமானால் டிரெய்னிங் சர்ட்டிஃபிகேட்டுகள் வேண்டும், அது என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது. அது போக வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்து வகுப்பைப் பார்த்து, தேறினாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வெளியாள் யார் என்று பார்த்தால், மாட்ரிட் ஏர்போர்ட்.

வீட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தில் எளிதாக எழுதிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு? அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது. "ஊட்டக் காலி பண்ணச் சொல்றாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதினைந்து நாளைக்கு வேறெதுவும் கேட்கவில்லை. இந்த வயதில் அவளை அழைத்துக்கொண்டு சேலத்தில் எந்தச் சந்தில் போய் வாடகைக்கு உட்காருவேன்?

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான், யாரையும் புண்படுத்தாமல் பேசுவார்.

"மேடம், கிளாஸ் மட்டும் நல்லா வந்துருச்சுன்னாப் போதுமுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறனுங்க. புரியுதுங்களா?"

புரிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்த யாருக்கும் புரியும். ஆள் வந்து பார்க்கிற வகுப்பு என்பது ஆண்டு விழா நாடகம் மாதிரி. அதே பாடத்தை மூன்று நாள் முன்னாலேயே நடத்தி, யார் எழுந்து எதைச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ண வைத்து, நாலாவது நாள் புதிதாக நடத்துகிற மாதிரி நடத்துவது. கரும்பலகையில் தெரியாமல் எழுதுகிற மாதிரி தப்பாக எழுதி, ஒரு பிள்ளை எழுந்து திருத்துவது வரைக்கும் ஒத்திகை உண்டு. அதோடு, அன்றைக்கு மட்டும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். படிப்பு ஏறாததுகள், வாயாடிகள், சொன்னதைச் சொல்லாததுகள் எல்லாம் சிக் ரூமில் போய்ப் படுத்துக்கொள்ளும். வந்த ஆள் போனதும் காய்ச்சல் விட்டுவிடும். கணக்கு சார் வருஷா வருஷம் இதைச் செய்வார். "சார், உங்க கிளாஸ்ல மட்டும் கொசு அதிகமோ?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அவரைக் கிண்டல் பண்ணியவள் நான்தான். இப்போது என் முறை வந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஏழாம் வகுப்பை எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு பேர். ஏழு கேள்விகள் தயார் செய்து, ஸ்லைடுக்கு ஒன்றாகப் போட்டேன். பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், ஏற்காட்டில் என்ன இருக்கிறது, பள்ளி பிடிக்குமா, இன்று குளிராக இருக்கிறதா. ஏழுக்கும் ஏழு பதில், ஆளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்குக் குஷி. ஆக்டிங் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த வகுப்பில் பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய இலவச இடத்தில் சேர்ந்தவள். விடியக்காலையில் ஜீப் பிடித்து வந்து, சாயங்காலம் திரும்புகிறவள். அப்பா இல்லை. அம்மா சொந்தமாக இருக்கிற துண்டு நிலத்தில் ராகி போட்டுக்கொண்டு, பழம் பறிக்கிற பருவத்தில் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்கும் போகிறவள். பெண் மக்கு இல்லை. மக்காக இருந்திருந்தால் எனக்குத் தொந்தரவே இருந்திருக்காது. மூன்றாவது கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும், இட்லியும் சட்டினியும் சாப்பிட்டேன் என்று. முதல் ஒத்திகையிலேயே எழுந்து நின்றுகொண்டாள்.

"மிஸ், நான் இட்லி திங்கலீங்க. களிதானுங்க தின்னேன். களிக்கு ஸ்பானிஷ்ல என்னங்க மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. "இட்லின்னே சொல்லு கண்ணு," என்றேன்.

"திங்காததத் தின்னேன்னு எப்படிங்க மிஸ் சொல்றது? அவரு இன்னும் எச்சாக் கேட்டா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்லு."

வகுப்பே சிரித்தது. மறுநாள் ஒத்திகையில் அவள் இட்லி சொல்லவில்லை. லைப்ரரிக்குப் போய் அகராதியைப் புரட்டி, தானியத்துக்கு ஒரு வார்த்தை, உருண்டைக்கு ஒரு வார்த்தை, சூட்டுக்கு ஒரு வார்த்தை என்று மூன்றை எடுத்து ஒட்டவைத்து, கோணல்மாணலாக ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சூடான தானிய உருண்டை தின்றேன் என்றாள். எட்டு வருஷத்தில், நான் சொல்லாமலே அகராதியைத் தொட்ட முதல் பிள்ளை. சர்ட்டிஃபிகேட் மூட்டை வைத்திருக்கிற எனக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? எரிச்சல்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்கிற அளவுக்கு எரிச்சல். இவள் ஒருத்தி குட்டையைக் குழப்பினால் என் அம்மா தெருவில் நிற்பாள் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கண்ணு, நாளைக்கு நீ சிக் ரூம்ல போயிப் படுத்துக்க. பதினொரு மணி வரைக்கும் உனக்குக் காய்ச்சல்."

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்களே மிஸ்."

"தெரியும் சாமி. மிஸ்ஸுக்காக. யார் கேட்டாலும் காய்ச்சல்னுதான் சொல்லணும். இல்லீன்னா மிஸ்ஸு வேலை போயிரும்."

"சரிங்க மிஸ்," என்றாள். அவளோடு இரண்டு ஹாஸ்டல் பையன்களையும் சேர்த்து அனுப்பினேன். அவர்களுக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வாயில் நிற்காது. கட்டிலில் படுத்துக்கொள்ளலாம் என்றதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது அம்மா என் நெற்றியில் விபூதி இட்டாள். "போயிட்டு வா சாமி. ஊடு போயிராமப் பாத்துக்க," என்றாள். ஒன்பது மணிக்கும் வெளியே பனி மூடிக் கிடந்தது. மாட்ரிட் ஏர்போர்ட் மஃப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் பிரின்சிபால்.

முதல் இரண்டு கேள்வியும் வெண்ணெய் மாதிரி போயின. மூன்றாவதைப் போடக் கையை வைத்தேன், கரண்ட் போய்விட்டது. ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. அந்த லேப்டாப் பேட்டரி செத்த பழைய சனியன், எழுந்து வரும்போது ஒரு ஸ்லைடைத் தாண்டிக்கொண்டு வந்து நின்றது. பதற்றத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. திரையில் இருந்த கேள்வியைக் கேட்டேன். உனக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

களிக்காரப் பெண்ணுக்குப் பதிலாக நான் போட்டிருந்த பையன் கம்பீரமாக எழுந்தான். "இட்லியும் சட்டினியும்," என்றான்.

எனக்குப் பகீர் என்றது. பிள்ளைகள் கேள்வியை மனப்பாடம் பண்ணவில்லை. பதிலையும், எத்தனையாவதாக எழுந்திருக்க வேண்டும் என்பதையும்தான் மனப்பாடம் பண்ணியிருந்தார்கள். நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன். அடுத்த கேள்வி, ஏற்காட்டில் என்ன இருக்கிறது?

"இரண்டு அண்ணன், ஒரு தங்கை."

பள்ளி பிடிக்குமா?

"ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, குரங்குகள் நிறைய இருக்கின்றன."

இன்று குளிராக இருக்கிறதா?

"ஆமாம், எனக்கு மிகவும் பிடிக்கும்."

எல்லாம் அட்டகாசமான உச்சரிப்பில், ஒரு தடுமாற்றம் இல்லாமல். குளிருக்கு வைத்திருந்த கடைசிப் பதிலுக்கு மட்டும் கேள்வி மிஞ்சவில்லை. அதைச் சொல்ல வேண்டிய பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே எழுந்து, "ஆமாம், ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், பசங்களா, கேள்வியைக் காதில் வாங்குங்கள் என்று. உண்மையான பாடம் அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். மாட்ரிட் ஏர்போர்ட் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, டேப்லெட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால்கூடப் பரவாயில்லை, குரங்கு நிறைய இருக்கிறது என்றவனைப் பார்த்து "முய் பியேன்" என்றேன். மிக நன்று என்று அர்த்தம்.

வராண்டாவுக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மேடம், ஃபேன்டாஸ்டிக்! பசங்க கேள்விக்கு வெயிட்டே பண்ணல, பார்த்தீங்களா? அந்தக் கடைசிப் பொண்ணு, கேக்காமயே பேசுது! இதைத்தான் நான் எல்லா வொர்க்‌ஷாப்லயும் தொண்டை கிழியச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போலக் கால் பரபரத்தது.

அப்போதுதான் கேட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் பழம் பறிக்கிற சாக்கு கட்டியபடியே இருந்தது. சேலை முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்திருந்தது. ஒரு கையில் தூக்குப்போசி, மூடி இடுக்கில் மிளகு ரச வாசனை, வழியில் யார் வீட்டிலோ வாங்கியிருப்பாள். செம்மநத்தத்துப் பெண்ணின் அம்மா.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு நொம்பக் காய்ச்சலுங்களா? போனு வந்துச்சுங்க. அப்புடியே போட்டது போட்டபடி வந்தனுங்க."

சிக் ரூமில் அந்த மாதம்தான் ஒரு புது நர்ஸ் சேர்ந்திருந்தாள். எங்கள் நாடகம் அவளுக்குத் தெரியாது. பிள்ளை காய்ச்சல் என்று வந்தது, பதிவேட்டில் எழுதினாள், வெளியிலிருந்து வருகிற பிள்ளை என்பதால் விதிப்படி வீட்டுக்குப் போன் பண்ணினாள். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவள்தான்.

"எனி ப்ராப்ளம்?" என்றார் மாட்ரிட் ஏர்போர்ட். பிரின்சிபால் வானத்தைப் பார்த்தார். வானத்தில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் இல்லைங்கம்மா, நான்தான் படுக்கச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றேன். "காலையில ஒடம்பு லேசாச் சுட்டுதுங்க. இப்பப் பரவால்லீங்க."

அதற்குள் அம்மா குரலைக் கேட்டு அந்தப் பெண் சிக் ரூமிலிருந்து வெளியே ஓடி வந்தாள். துள்ளிக்கொண்டுதான் வந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற மஃப்ளர் ஆளைப் பார்த்தாள். நடை தளர்ந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து, இரண்டு தரம் இருமினாள். அவள் அம்மா நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள்.

"சுடலியே சாமி?"

"உள்ளுக்குள்ள காயுதும்மா," என்றாள் பெண்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். வெளியே சுடவில்லை, அப்படியென்றால் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று அந்தச் சின்ன மூளை கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் மலையில் உள்காய்ச்சல் என்றால் சும்மா இல்லை. தொட்டால் தெரியாமல் எலும்புக்குள் இருந்துகொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். அவள் புருஷனையும் அப்படித்தான் வாரிக்கொண்டு போனது என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். அந்த அம்மா முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. போசியைக் கீழே வைத்துவிட்டு மகளை அள்ளி அணைத்துக்கொண்டாள்.

"நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க டீச்சர்," என்றாள். "நல்ல வேளைங்க, நீங்க கண்டுபுடிச்சு படுக்க வெச்சீங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இருவரும் பனிக்குள் போனார்கள். பெண் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் எனக்குத் தலையை ஆட்டினாள். மாட்ரிட் ஏர்போர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டாராம். பெற்றோரோடு ஆசிரியைக்கு உள்ள உறவு முன்மாதிரியானது என்று அறிக்கையில் தனியாக ஒரு வரி சேர்த்தார்.

மூன்றாம் நாள் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் போய்ச் சுவரோரம் படுத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் கேசரி கிண்டி மெஸ்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். நான் இப்போது மற்ற பள்ளி டீச்சர்களுக்கு டிரெய்னிங் கொடுக்கிறேன், நிர்வாகம் சொல்லிவிட்டது. போன மாதம் பலூன் நானே வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் ஆர்டர் வருகிற வரைக்கும் மூன்று நாளும் வகுப்புக்கு வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. ஆறாவது நாள் வகுப்புக்குள் நுழைந்தால், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிறுத்திருந்தது. கழுத்தில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. மணி அடித்து எல்லோரும் வெளியே போகும் வரை காத்திருந்தவள், என் மேஜைக்கு வந்து ஸ்வெட்டர் கையைச் சுருட்டினாள். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது.

"சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க மிஸ், பெரியாஸ்பத்திரிக்கு. மூணு தடவ ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. நரம்பே கெடைக்கலீங்களாமா. அஞ்சு நாளா வெறும் கஞ்சிதானுங்க. எங்கம்மா அழுதுட்டே இருந்துச்சுங்க."

நான் அவள் ஸ்வெட்டர் கையை இறக்கி விட்டேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ரத்தம் எடுக்கறப்பக்கூட நான் சொல்லலீங்க மிஸ்."

சொல்லிவிட்டு, பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.